அண்ணா நகர் முகவரி வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை லைன் கட்டாகவில்லை. நான்தான் போனை வைத்தேன். நீ அங்கே சிங்கப்பூரில் ஹலோ ஹலோ என்று கத்தியிருப்பாய், பிறகு வசந்தியிடம் "நம்மூர் போன் லட்சணம் இதுதான்" என்று சலித்துக்கொண்டிருப்பாய். நம்மூர் போனுக்கு ஒரு கேடும் இல்லை. இத்தனை வருஷமாக எஸ்.டி.டி. பூத் நடத்துகிறவளுக்கு லைன் தானாகக் கட்டாவதும் தெரியும், கட் பண்ணுவதும் தெரியும். கோபத்தில் வைத்துவிட்டாள், இப்போது சமாதானம் பேச எழுதுகிறாள் என்று நினைக்காதே. சமாதானமெல்லாம் கிடையாது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. டீ போட்டு வைத்துக்கொள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நீ சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "ம்மா, இங்க இருந்தே என்.ஆர்.ஈ. அக்கவுண்ட் ஓப்பன் பண்றேன். கூடவே டாலர்ல ஒரு டெபாசிட், ஒரு கிரெடிட் கார்டு. உனுக்கும் அதுலயே ஒரு கார்டு வாங்கித் தரேன், மருந்துக்கடையில தேச்சிக்கலாம். இந்தியா அட்ரஸ் மட்டும் மாமா வூட்டு அட்ரஸ் குடுத்துடறேன். நம்ம அட்ரஸ் போட்டா எதுவும் பாஸாவாது. நீ ஒண்ணும் நெனச்சிக்காத" என்றாய். நினைத்துக்கொண்டேன். நன்றாகவே நினைத்துக்கொண்டேன். கார்டு தேய்க்கிற மருந்துக்கடை தண்டையார்பேட்டையில் எங்கே இருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கென்று வாங்கிக் கொடுக்கிற கார்டை வாங்க நான் இரண்டு பஸ் மாறி அண்ணா நகருக்குப் போய், உன் மாமனார் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு நிற்க வேண்டும். அதை யோசித்தாயா?

சம்பந்தி நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இந்தக் கடிதத்தை வசந்தியிடம் காட்டாமல் பீரோவில் திணித்துவிடுவாய். காட்டு. அவள் அப்பாவைப் பற்றித்தானே, அவளும் படிக்கட்டும். உன் கல்யாணத்தில் அவர் ஒரு இடத்திலும் முகம் சுளிக்கவில்லை, நம் பிளாக்கின் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இப்போதும் அவராக வந்து எதையும் பிடுங்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தன் முகவரியைத் தருகிறார். தருகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கை நீட்டி வாங்குகிறாயே, அந்தக் கை மேல்தான் கோபம்.

இந்த என்.ஆர்.ஈ. விவகாரம் எனக்குப் புரியாது என்று எண்ணிப் பேசினாய். துபாயில் இருக்கிறவன், குவைத்தில் இருக்கிறவன், கப்பலில் போனவன் எல்லாருடைய குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை என் பூத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் நம் ஆட்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புகிற பணம் ஒரு பானை, இங்கேயே விளைகிற பணம் இன்னொரு பானை, இரண்டையும் கலக்கக் கூடாது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். முதல் பானைதான் என்.ஆர்.ஈ. அந்தப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பி வெளிநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். நீ இங்கே கன்டெய்னர் யார்டில் வேலை செய்தபோது தொடங்கிய பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவைக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. என்று மாற்றிவிட வேண்டும். அதை மறந்துவிட்டாய்தானே? டாலரிலேயே, பவுண்டிலேயே, இப்போது யூரோவாம், அதிலேயே போட்டுவைக்கிற டெபாசிட் வேறு. உன் சிங்கப்பூர் வெள்ளிப் பணத்தை அப்படியே போட முடியாது, அமெரிக்க டாலராக மாற்றித்தான் போட வேண்டும். இதெல்லாம் அந்தப் பெஞ்சுப் பேச்சிலிருந்தே என் காதில் விழுந்தது.

உனக்குத் தெரிந்த ஒன்றையும் இங்கே எழுதப்போகிறேன். நாளைக்கு உன் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் பிளாக்கில் வீட்டுக்கு வீடு ஒரு 'அட்ரஸ் வூடு' உண்டு. பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ கொளத்தூரிலோ இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீடுதான் அது. வேலைக்கு மனுப் போட்டால் அந்த முகவரி. பெண்ணுக்கு வரன் தேடினால் அந்த முகவரி. காலேஜ் விண்ணப்பத்தில், தவணையில் பைக் வாங்குகிற விண்ணப்பத்தில் எல்லாம் அந்த முகவரி. 'குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, தண்டையார்பேட்டை' என்று எழுதிய காகிதத்தை எந்த மேஜையிலும் மேலே வைக்க மாட்டார்கள் என்று நம் ஆட்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிரதியாக தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் போகும், காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் வந்தால் அது போகும், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நம் பெண்கள் முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரிப்பார்கள். குடியிருக்காத வீட்டுக்கு வாடகை கட்டுகிற கூட்டம் நாம்தான்.

உன் அப்பாவுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது. பெரம்பூரில் அவருடைய சித்தப்பா வீடு. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். இவர் பெரம்பூர் முகவரியைப் போட்டு மனுக் கொடுத்தார். கூப்பிட்டுக் கடிதம் வந்தது. சித்தப்பா குடும்பம் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது, கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. அவர்கள் ஊரிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, யார் மூலமாகவோ சொல்லியனுப்பி, இவர் ஓடிப்போய் நின்றபோது ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். தொழிற்சாலை எண்ணூரில், நாம் இருப்பது தண்டையார்பேட்டையில், இடையில் ஒரு பஸ். கடிதம் மட்டும் பெரம்பூர் சுற்றிக்கொண்டு வந்தது. உன் அப்பா அதற்குப் பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கன்டெய்னர் வந்ததும் மூட்டையும் போயிற்று, முழங்காலும் போயிற்று. சித்தப்பா மேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "அவுரு இன்னா வோணும்னேவா பண்ணாரு? வுடு" என்பார். அந்த 'வுடு' என்ற சொல்லை வைத்தே அவர் காலத்தை ஓட்டிவிட்டார். எனக்கு அது வரவில்லை, இனியும் வராது.

அதனால்தான் பூத்துக்கு மனுப் போட்டபோது ஒரே பிடியாக நின்றேன். பெரம்பூர் முகவரி கொடு, சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பூத்து இங்கே வைக்கப்போகிறேன், மனு எதற்குப் பெரம்பூரிலிருந்து போக வேண்டும் என்று கேட்டேன். தாமதமாகத்தான் கிடைத்தது, ஆனால் நம் பிளாக் வாசலுக்குத்தான் கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு பார், அந்த நம்பர் நம் மொத்த பிளாக்குக்கும் நம்பராகிவிட்டது. 'அவசரத்துக்கு' என்று எழுதி எத்தனை விண்ணப்பத்தில் என் நம்பரைப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வந்தது. ஒரு செய்தியையும் நான் கதவுக்கு அடியில் கிடக்க விட்டதில்லை.

பின் தெரு ரஹ்மத்தை உனக்கு நன்றாகத் தெரியும், உன்னோடு படித்த சாதிக்கின் அம்மா. அவள் வீட்டுக்காரர் ஜெத்தாவில் தையல் வேலை செய்கிறார். அவரும் உன்னைப் போலத்தான், என்.ஆர்.ஈ. கணக்கு தொடங்கி, புரசைவாக்கத்தில் இருக்கிற அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்தார். அண்ணன் ஒரு பைசா தொட்டதில்லை, யோக்கியமான மனிதர். ஆனால் பேங்கிலிருந்து எது வந்தாலும் ரஹ்மத் அங்கே போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒருநாள் பூத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஏமாற்றிவிட்டார்களா என்று பதறிப்போய்க் கேட்டேன். "அதெல்லாம் இல்லக்கா. லெட்டர் குடுத்துட்டாங்க. ஆனா பிரிச்சு, படிச்சு, மடிச்சுக் குடுக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு இன்னா அனுப்புறாருன்னு எனக்கு முன்ன அவங்க வூட்ல அல்லாருக்கும் தெரிஞ்சு போவுது. போன மாசம் எங்க ஓரகத்தி கேக்கறா, இந்த தபா கம்மியா வந்துகிதே, புருஷனோட சண்டையான்னு" என்றாள். திருடு போயிருந்தால் போலீசில் சொல்லலாம். இதை எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது?

நீ கன்டெய்னர் யார்டில் சேர்ந்த புதிதில் கிரெடிட் கார்டு கேட்டு எழுதிப்போட்டாயே, அது ஏன் வரவில்லை என்று உனக்கு முழுதாகத் தெரியாது. சம்பளம் குறைவு என்று நான்தான் சொல்லிவைத்தேன். உண்மையில் நடந்தது வேறு. ஒரு வெயில் நேரத்தில் கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் வந்து பிளாக் வாசலில் நின்றான். குழாயடியில் டில்லியம்மா இருந்தாள். நான் பூத்துக்குள் இருந்தேன், என்னை அவன் கவனிக்கவில்லை.

"இன்னா சார், யாரத் தேடுற?"

"செந்தில்குமார்னு ஒருத்தர். பேங்க்லேர்ந்து வரேன்."

"பேங்கா? நம்ம பூத்தம்மா புள்ள அவன். இன்னா தப்பு பண்ணான்?"

"தப்பெல்லாம் இல்லம்மா. ஆளு எப்படின்னு விசாரிக்கணும்."

"எப்டின்னா? கருப்பா, ஒல்லியா இருப்பான். தங்கமான புள்ள. தண்ணி கெடையாது, பீடி கெடையாது. பொம்பளைங்க கொடம் தூக்கினு வந்தா வயி வுட்டு நிப்பான். அத்த எய்திக்கோ. அப்பால பைக்கு கீது, டிவி கீது, ஃபேனு ரெண்டு கீது. வேற இன்னா வோணும் உனுக்கு?"

அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். நான் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தேன். கை கழுவ இடம் கேட்டான், முகம் கழுவினான், பிறகு டையைத் தளர்த்திவிட்டு உண்மையைச் சொன்னான். "அம்மா, உங்க டீயக் குடிச்சிட்டு பொய் சொல்லக் கூடாது. இந்த ஏரியா நெகட்டிவ்மா. நான் இன்னா எழுதினாலும் பாஸ் ஆவாது" என்றான். நெகட்டிவ் என்றால் என்ன என்று கேட்டேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, நம் பக்கம் எல்லாம் அப்படித்தான், கடனோ கார்டோ கொடுக்கக் கூடாத இடம் என்று பேங்கில் ஆபீசுக்குள்ளே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், வெளியே காட்ட மாட்டார்கள் என்றான். "அப்போ இந்த வெயில்ல எதுக்குப்பா வந்த?" என்றேன். வந்து பார்த்து எழுதினால்தான் அவனுக்குக் கூலியாம். நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன். கொருக்குப்பேட்டை என்றான். உன்னிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினான். "கொளத்தூர் அத்தை வூட்டு அட்ரஸ்ல வாங்கினதும்மா" என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏரியா நெகட்டிவ் என்றால் மண்ணையா சொல்கிறார்கள்? மண் யாரிடம் கடன் வாங்கிவிட்டு ஓடிப்போயிற்று? நம்மைத்தான் சொல்கிறார்கள், நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் ஏரியா என்று சொல்கிறார்கள். இந்தப் பட்டணத்தில் எரிகிற விளக்குக்கு எண்ணூரில் நிலக்கரி எரிகிறது, சாம்பல் நம் கொடித்துணி மேல் விழுகிறது. அவர்கள் ஓட்டுகிற வண்டிக்குப் பெட்ரோல், வயலுக்குப் போகிற உரம், கடையில் விற்கிற வெளிநாட்டு சாமான் எல்லாம் நம் தெருவை இடித்துக்கொண்டுதான் போகிறது. லாரி போகலாம், டேங்கர் போகலாம், புகை போகலாம். உன் பெயர் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் அட்டை மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாதாம். அன்றைக்கு உன்னிடம் மறைத்தது உனக்கு மனம் கசந்துவிடக் கூடாது என்பதற்காக. இன்றைக்குச் சொல்வது உனக்கு மனம் கசக்கட்டும் என்பதற்காக.

உன் கல்யாணப் பத்திரிகையை நினைத்துப் பார். உன் நண்பன் எவனோ அச்சாபீசில் சொல்லி, மணமகன் இல்லம் என்ற இடத்தில் குடியிருப்புப் பெயரை எடுத்துவிட்டு வெறுமனே 'தண்டையார்பேட்டை, சென்னை' என்று போட்டுவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவரை நம் வீட்டுக்கு வந்திராத உன் தூரத்து அத்தை குடும்பம் அரக்கோணத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து தண்டையார்பேட்டை முழுக்க 'மணமகன் இல்லம்' தேடி அலைந்தது. கடைசியில் எவனோ ஒரு ரிக்‌ஷாக்காரன், "பூத்தம்மா வூட்டுக் கல்யாணமா? ஒயுங்கா வாரிய பிளாக்குன்னு போடறதுக்கு இன்னா?" என்று திட்டிக்கொண்டே கூட்டிவந்து விட்டான். உன் அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். நீ உன் முகவரியை மறைத்தால் உன் ஆட்களுக்குத்தான் வழி தெரியாமல் போகும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதைப் பெஞ்சில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்க இதில் என்ன இருக்கிறது? டில்லியம்மா தான் சொன்னதெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். உன் அப்பா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் இன்னா ஊர வித்தானா, வூட்ட வித்தானா? ஒரு அட்ரஸு. அவன் பொயப்பு ஒயுங்கா ஓடட்டும், வுடும்மே" என்றார். நான் விடவில்லை. உன் வாழ்க்கை ஒழுங்காக ஓட வேண்டும் என்று அவரைவிட எனக்கு ஆசை குறைவா? அந்தப் பெரம்பூர்க் கடிதம் நேரே இங்கே வந்திருந்தால் அவர் முழங்கால் இன்றைக்கு நன்றாக இருக்குமே என்று கேட்டேன். அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "பேங்குக்கே போய்க் கேட்டுட்டு வா, அப்பால அவனத் திட்டு" என்றார். இந்த வீட்டில் அவர் சொல்கிற உருப்படியான வார்த்தை எப்போதாவதுதான் வரும். வந்தால் நான் விடுவதில்லை.

புதன்கிழமை பூத்தை ரஹ்மத்திடம் விட்டுவிட்டு, உன் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு நுங்கம்பாக்கம் போனேன். நீ சொன்ன அதே பேங்க், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு கிளை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். வாசலில் இருந்த காவலாளி என் பையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். முகம் அப்படி இருந்திருக்கும். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி உட்காரச் சொன்னாள். நான் சுற்றி வளைக்கவில்லை. பிள்ளை சிங்கப்பூரில் கிரேன் மெக்கானிக், கணக்கு தொடங்கப்போகிறான், எங்கள் முகவரி போட்டால் ஆகாதா என்று கேட்டேன். அவள் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தாள்.

"ஆகாதுன்னு யாரும்மா சொன்னாங்க? பாஸ்போர்ட்டிலேயே இந்த அட்ரஸ்தானே இருக்கு. இதையே குடுத்தா சுலபம். வேற அட்ரஸ் குடுத்தாத்தான் அதுக்குத் தனியா ஆதாரம் கேப்போம்."

"என்ன ஆதாரம்?"

"அந்த வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இவர் எங்க வீட்லதான் குடியிருந்தார், எங்க வீட்டு ஆள்தான்னு."

இதைத்தான் நீ கேட்கப்போகிறாயா, செந்தில்? இந்த பிளாக்கில் பிறந்து, இந்தக் குழாயில் தண்ணீர் பிடித்து, இந்த மாடிப்படி விளக்கின் கீழே உட்கார்ந்து ஐ.டி.ஐ. பாடம் படித்தவன், நான் அண்ணா நகரில் குடியிருந்தேன் என்று இன்னொருவரை எழுதித் தரச் சொல்லப்போகிறாயா? அந்த நல்ல மனிதரையும் பொய்க் கையெழுத்துப் போடவைக்கப்போகிறாய். அவர் போட்டுக் கொடுத்தும்விடுவார், உன் மேல் அவ்வளவு பிரியம். அதை யோசித்தபோது அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பு சுட்டது.

கார்டுக்கு எங்கள் பக்கம் நெகட்டிவ் என்றார்களே என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். அது வேறு இலாகா, அவர்கள் கடன் கொடுக்கிறவர்கள், அவர்களுக்கு அப்படி ஏதோ இருக்கிறது என்றாள். ஆனால் நீ டாலர் டெபாசிட் போட்டால் அதை ஈடாக வைத்துக்கொண்டு கார்டு தருவார்களாம், வீடு எங்கே இருந்தாலும் கேட்க மாட்டார்களாம். நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "அப்போ எங்க பணம் உங்ககிட்ட வரலாம். உங்க பணந்தான் எங்க தெருவுக்கு வராது." அவள் சண்டைக்கு வரவில்லை. "நீங்க சொல்றது சரிதாம்மா. அந்த ரூல நான் எழுதல" என்றாள். ஒரு தம்ளர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தாள். அப்புறம் நான் பெஞ்சில் கேட்டிருந்த என்.ஆர்.ஓ., டாலர், யூரோ எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். பூத்து வருமானத்திலும் கொஞ்சம் உன் என்.ஆர்.ஈ. கணக்கில் போட்டுவைக்கலாமா என்று கேட்டுச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளூர்ப் பணத்தை அந்தக் கணக்கில் போடவே கூடாதாம். பானையைக் கலக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு அன்றைக்கு அது மறந்துவிட்டது.

இப்போது நான் சொல்வதைச் செய். மண்ணடி ஆள் மூலம், பேங்குக்குத் தெரியாமல் உண்டியலில் பணம் அனுப்பாதே. நல்ல ரேட்டு தருகிறான், ஒரு மணி நேரத்தில் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறான், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு பெயரும் இல்லை, நாளைக்கு நீ சம்பாதித்தாய் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. பேங்க் வழியாகவே அனுப்பு. கார்டு வந்தால் கூட வேலை செய்கிறவனுக்கு இரவல் கொடுக்காதே, உன் இளகிய மனசு எனக்குத் தெரியும். வாரிசு என்று கேட்கிற இடத்தில் வசந்தி பெயரைப் போடு, என் பெயர் வேண்டாம். உன் பணத்தின் மேல் எனக்குக் கண் இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? எனக்கென்று கார்டும் வேண்டாம். மருந்துக்கு என் பூத்து போதும். செல்போன் வந்து பெஞ்சு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று நீ பயப்படுகிறாய். காலியானால் ஜெராக்ஸ் மெஷினை நகர்த்தி முன்னால் போட்டுக்கொள்வேன். உன் அம்மா முடங்கிப் போகிற ஆள் இல்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பேங்கில் கொடுத்த விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்திய முகவரி என்ற இடத்தை நானே பேனாவால் நிரப்பிவிட்டேன், பிளாக் பெயரோடு, குடிசை மாற்று வாரியம் என்பதையும் சுருக்காமல். எழுத்து கோணலாக இருக்கும். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. மனம் வரவில்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு விண்ணப்பம் வாங்கிக்கொள், நான் தடுக்க முடியாது. நீ சம்பாதிக்கிறவன், உன் பெயர், உன் கணக்கு. ஆனால் என் கையால் எழுதியதைக் கிழித்துவிட்டுத்தான் நீ அண்ணா நகர் என்று எழுத முடியும்.

அந்த அதிகாரி கிளம்பும்போது ஒன்று சொன்னாள். கணக்கு தொடங்கிய பிறகு, கொடுத்த முகவரி சரிதானா என்று பார்க்க ஒரு ஆளை அனுப்புவார்களாம். அவன் வருவான். வெயிலில், டை கட்டிக்கொண்டு, செந்தில்குமார் வீடு இதுதானா என்று கேட்பான். அண்ணா நகரில் யாரோ கதவைத் திறந்து அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. உன்னைப் பெற்றவள் இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அம்மா